முக்காலே அரைக்கால் அவுன்ஸ்

1

நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இடி இடித்தால் மிக்சி பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். மகள் குளியலறையில் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டால் போய்க் கதவைத் தட்டுவேன். வீட்டுக்காரர் வெளியூர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்யவில்லையென்றால், அவருக்கு என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்து, அவர் கூப்பிடுவதற்குள் ஒரு பாட்டம் அழுது முடித்திருப்பேன். இப்படிப்பட்ட நான் போன மாதம் ஒரு கடையில் நின்று துப்பாக்கித் தோட்டா வாங்கினேன். என் மகளுக்கு. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவே வாய் கூசுகிறது, ஆனாலும் யாரிடமாவது சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அமெரிக்கா என்றதும் நீங்கள் நினைக்கிற உயரக் கட்டடம் எதுவும் இங்கே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல் வயல். திருத்துறைப்பூண்டியில் பிறந்தவளை விமானத்தில் ஏற்றி, ஒரு நாள் முழுக்கப் பறக்கவைத்து, மறுபடியும் வயல்காட்டிலேயே இறக்கிவிட்டார்கள் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வீட்டுக்காரர் அருள் ஒரு விதைநெல் கம்பெனியில் இருக்கிறார். நான் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே மகள் ஷெரின் பதினோராம் வகுப்பு.

வந்த முதல் குளிர்காலத்தில், ஒருநாள் விடியற்காலையில் தூரத்தில் டப், டப் என்று விட்டுவிட்டு வெடிச் சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்து அருளை உலுக்கினேன்.

“என்னங்க, யாரோ தவறிட்டாங்க போல.”

நம் பக்கத்தில் அந்த நேரத்துக்கு வேட்டுச் சத்தம் கேட்டால் வேறென்ன நினைப்போம்? அவர் போர்வையைக்கூட விலக்கவில்லை.

“வாத்து சுடுறாங்க. படு.”

அறுப்பு முடிந்த வயலில் இவர்கள் குளிர்காலத்துக்கென்றே தண்ணீர் கட்டுகிறார்கள். வடக்கேயிருந்து வரும் வாத்துகள் அதில் இறங்கும். பார்த்துக்கொண்டிருந்து சுடுவார்கள். நம் ஊரில் அறுத்த வயலில் வாத்துக்காரர் கூட்டத்தை ஓட்டிக்கொண்டுவந்து மேயவிடுவார், அதன்மேல் ஒரு சின்னக் கல் எறிந்தாலே சண்டைக்கு வந்துவிடுவார். அன்று நான் திரும்பப் படுக்கவில்லை. அந்தச் சத்தம் நின்றபிறகுதான் எனக்குக் காபி இறங்கியது.

2

எங்கள் ஊரிலும் ஒரு துப்பாக்கி இருந்தது. பண்ணை வீட்டு இரட்டைக் குழல். அப்பா தலையெடுக்கும் வரை எங்கள் குடும்பம் அந்தப் பண்ணையில் கூலி வேலை செய்த குடும்பம். அந்தத் துப்பாக்கி யாரையும் சுட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாந்தோப்பில் வௌவால் சுட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, களத்தில் கயிற்றுக் கட்டிலில் வெயிலுக்கு வைப்பார்கள். அன்று அம்மா எங்களைக் களத்து வழியாகப் பள்ளிக்கூடம் போகவிட மாட்டார். வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

“அது சும்மாதானம்மா கெடக்குது” என்று தம்பி கேட்பான்.

“சும்மாதான் கெடக்குது. நீ சுத்திக்கிட்டே போ” என்பார் அம்மா.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா? பண்ணைக் காரியஸ்தர் அதைப் பழைய போர்வையில் சுற்றி, மொபெட்டில் வைத்து, காய்ச்சல்காரரைக் கொண்டுபோவது மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். அது திரும்பி வரும்வரை ஊரில் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொள்வார்கள். அதற்கு லைசென்ஸ் புதுப்பிக்க தாசில்தார் ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று பண்ணை வீட்டாரும் நடையாய் நடந்தார்கள். எங்களுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

இங்கே நிலைமை தலைகீழ். ஒரு நோயாளிக்கு ஊசி போட அனுமதி வாங்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. நான் படித்த படிப்பு படிப்புதானா என்று ஊரிலிருந்து முத்திரை வைத்த கவர் வரவேண்டும் என்றார்கள். வந்ததும், முத்திரை ஓரத்தில் கொஞ்சம் விட்டிருக்கிறது, வேறு கவர் வேண்டும் என்றார்கள். அதே ஊரில் துப்பாக்கித் தோட்டா மீன்பிடிக்கிற புழுவுக்கும் பிறந்தநாள் பலூனுக்கும் நடுவில் அடுக்கியிருக்கிறது.

3

ஷெரினுக்கு இந்த ஊரில் வெகுநாள் எதுவும் ஒட்டவில்லை. கூடைப்பந்துக்கு உயரம் போதவில்லை. பாட்டுக் குழுவில் ஒரு வருஷம் இருந்தாள், ஒரு சிநேகிதிகூடக் கிடைக்கவில்லை. மதியச் சாப்பாட்டை நூலகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று அவள் ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு ஒருநாள் முகமெல்லாம் சிவக்க ஓடிவந்தாள்.

“அம்மா, எனக்கு இது வருதும்மா. நெஜமாவே வருது!”

எது வருகிறது என்று கேட்டேன். சுடுவது வருகிறதாம்.

நம் பள்ளிக்கூடங்களில் கபடி, கோகோ இருப்பதுபோல இங்கே களிமண் தட்டு சுடும் அணி இருக்கிறது. ஒரு இயந்திரம் சாசர் அளவு ஆரஞ்சுத் தட்டை வானத்தில் விசிறும். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். பயிற்சியாளர் டேல் என்று ஒருவர், சர்ச்சில் எங்களுக்கு முன்வரிசையில் உட்காருபவர். மற்ற எந்த விளையாட்டையும்விட இதில்தான் பிள்ளைகளுக்கு அடிபடுவது குறைவு என்று என்னிடம் பொறுமையாகச் சொன்னார். நான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. குளிர்காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு வேட்டைக்காரர்தான் எனக்கு ஞாபகத்தில் இருந்தார். அவர் தொடையிலிருந்து டாக்டர் குண்டுகளை எடுக்க எடுக்க, ட்ரே பிடித்துக்கொண்டு நின்றவள் நான். மிளகு அளவு குண்டுகள். ட்ரேயில் விழும்போது டிங் என்று ஒரு சத்தம் வரும்.

வீட்டில் சண்டை நடந்தது. கடைசியில் அருள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நாம பயந்துகிட்டே இருந்தா புள்ள நம்மள விட்டுட்டுப் போயிடும் கிரேஸ். இங்க வந்ததுலேர்ந்து அவ ‘எனக்கு வருது’ன்னு சொன்னது இது ஒண்ணுதான்.”

பள்ளிக்கூடம் அனுப்பிய அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். என் பெயரையே நான் கோணலாக எழுதியது அன்றைக்குத்தான். திருவாரூரில் இருக்கும் அக்கா வீடியோ காலில், “பாப்பா என்ன வெளையாட்டுல சேந்திருக்கா?” என்று கேட்டபோது, “த்ரோபால்க்கா” என்று சொல்லிவிட்டேன்.

சக மாணவி ஒருத்தியின் அண்ணன் கல்லூரிக்குப் போனதால் விற்ற பழைய துப்பாக்கி ஒன்றை அருள் வாங்கினார். தானே காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் வகை. இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவி அவர் வைத்துக்கொண்டார். பெட்டி இருந்த அறையில் எனக்கு வேலையே இல்லாமல் செய்துகொண்டேன். இஸ்திரிப் பெட்டியைக்கூட ஹாலுக்குக் கொண்டுவந்தாயிற்று.

அது எப்படி வேலை செய்கிறது என்று ஷெரின் சாப்பாட்டு மேஜையில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். வீட்டில் தமிழில்தான் பேச வேண்டும் என்பது என் சட்டம், அதனால் இதையும் தமிழில்தான் கேட்டேன்.

“சுடுறப்ப உள்ள மருந்து எரிஞ்சு காத்து வரும்ல, அதுல கொஞ்சத்த இந்த கன் புடிச்சி வெச்சிக்கும்மா. அந்தக் காத்து ஒரு பிஸ்டனைப் பின்னாடி தள்ளும். அது காலி ஷெல்லை வெளிய தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை ஏத்திடும். அதனால தோள்ல உதைக்கிறதும் கம்மி. ஆனா சரியான லோடு, அதான் சரியான எடை குண்டு உள்ள ஷெல் போடணும். கோச் சொல்லியிருக்காரு.”

உதைப்பது கம்மி என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. பின்னால் தள்ளுவதற்குப் போதுமான காற்று வேண்டுமே என்பதெல்லாம் எனக்கு ஓடவில்லை. ரசத்தை ஊற்றிச் சாப்பிடு, ஆறிப்போகிறது என்றேன்.

4

அந்த வாரம் அருள் இரும்புப் பெட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வேலையாக வெளியூர் போயிருந்தார். போனில் சொன்னார்: “தோட்டா தீந்துடுச்சு. நீ ஒரு பெட்டி வாங்கிடு. ஒன் அண்ட் ஒன் எய்ட்த் அவுன்ஸ்னு போட்டிருக்கும், அதான் அந்த கன்னுக்கு.”

கடையில் பெட்டிகள் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் குண்டின் எடை. ஒன்றே அரைக்கால். பக்கத்திலேயே, சிரிக்கும் ஒரு சிறுமியின் படம் போட்ட பெட்டியில் எழுதியிருந்தது: முக்காலே அரைக்கால். உதை குறைவு, புதிதாகப் பழகுபவர்களுக்கு.

அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. இந்த அரைக்கால், மாகாணி எல்லாம் அப்பா நிலக் கணக்கு பேசும்போது கேட்டுக் கேட்டு என் காதில் ஊறினவை. கால் அவுன்ஸ் குறைவு. என் பிள்ளையின் தோளில், அவள் முகத்துக்குப் பக்கத்தில், கால் அவுன்ஸ் குறைவு. எனக்கு அந்தப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் வெடி பிரிப்பது அம்மாதான். அண்ணனுக்குப் பெரிய வெடி, எனக்கு ஓலை வெடி, தம்பிக்குப் பொட்டு வெடி. வயசுக்கு ஏற்ற மருந்து. காய்ச்சல் வந்தாலும் பெரியவர்களுக்கு முழு மாத்திரை, பிள்ளைகளுக்குப் பாதி. குழம்பிலும் பிள்ளைக்கென்று காரம் போடுவதற்கு முன்பே கொஞ்சம் எடுத்துவைப்போம். குறைத்துக் கொடுத்தால் கெடுதல் வராது என்பது எங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்படாத விஷயம். நர்சிங் படித்தும் எனக்கு அது மாறவில்லை. சிறுமி படம் போட்ட பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலையில் பெட்டியைப் பிரித்து, அவள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பையில் தோட்டாக்களை நானே நிரப்பி வைத்தேன், டிபன் கட்டிக் கொடுப்பதைப் போல. அவள் ஒரு கையில் தோசையும் மறு கையில் போனுமாக நின்றாள். அம்மா கட்டிக் கொடுத்த டிபனை எந்தப் பிள்ளை திறந்து பார்க்கிறது? பையை வாங்கி மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

5

நல்ல குளிர். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், எல்லோருடைய துப்பாக்கி வாயும் எதிரே வெட்டவெளியைப் பார்த்திருக்கும். பின்னால் ஒரு மஞ்சள் கயிறு. கயிற்றுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டுப் பெற்றோர்கள். என்ன நடந்தாலும் கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது முதல் நாளே சொன்ன விதி. நான் வழக்கம்போல ஜெபம் செய்துகொண்டு, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று ஒரே நேரத்தில் இரண்டு தட்டு பறக்கும் பயிற்சி. துப்பாக்கியில் இரண்டு தோட்டா. ஷெரின் முறை வந்தது. தட்டுகள் பறந்தன. முதல் சத்தம் கேட்டது, ஒரு தட்டு உடைந்தது. இரண்டாவது சத்தம் வரவில்லை. இரண்டாவது தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது.

எனக்குக் கண் நன்றாகத் திறந்துகொண்டது. துப்பாக்கியின் பக்கவாட்டில் காலித் தோட்டா பாதி வெளியே, பாதி உள்ளே சிக்கி நின்றது. ஷெரின் முகத்தைச் சாய்த்து அதைப் பார்த்தாள்.

ஊரில் வெடிக்காத வெடியைக் குனிந்து பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஒற்றைக் கண்ணோடு திரிந்த ஒரு அண்ணன் எங்கள் தெருவிலேயே இருந்தார். வெடி வெடிக்கவில்லையென்றால் தண்ணீர் ஊற்றும்வரை யாரையும் கிட்டேயே விடமாட்டார் அம்மா. என் பிள்ளை வெடிக்காத வெடிக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகிறாள் என்று மட்டும்தான் எனக்குப் பட்டது. கயிற்றுக்குக் கீழே நுழைந்து ஓடினேன். அவள் காதடைப்பையும் மீறிக் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“ஷெரின்!”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பெரியவர்கள் கூப்பிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு “ம்” என்று பதில் சொல்லக் கூடாது. செய்கிற வேலையை விட்டுவிட்டு, முழுசாகத் திரும்பி, முகத்தைப் பார்த்து “என்னம்மா?” என்று கேட்க வேண்டும். இந்த ஊர்ப் பிள்ளைகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் அப்பா அம்மாவிடம் பேசுவதைப் பார்த்து, என் பிள்ளை அப்படி ஆகிவிடக் கூடாது என்று நான் கண்டித்துக் கண்டித்து வளர்த்த பழக்கம் அது. மொழியில் பாதி போய்விட்டது, சாப்பாட்டில் பாதி போய்விட்டது, இது மட்டும் அவளிடம் முழுசாக நின்றது. நான் கூப்பிட்டு அவள் திரும்பாமல் இருந்ததே கிடையாது.

அவள் திரும்பவில்லை.

எனக்குப் பயத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது. இன்னும் கிட்டே ஓடினேன்.

“ஏய், கூப்பிடுறேன்ல! திரும்புடி!”

அவள் தோள் ஒருமுறை வெட்டி இழுத்தது. பிறகு அப்படியே நின்றாள். துப்பாக்கி வாய் வெட்டவெளியிலேயே இருந்தது. துப்பாக்கி சிக்கிவிட்டது என்று டேலுக்குக் காட்ட இடது கையை மட்டும் தலைக்குமேல் உயர்த்தினாள். அதற்குள் டேல் குறுக்கே வந்து, இரண்டு கையையும் விரித்து என்னை நிறுத்தினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வரிசையில் இருந்த மற்றப் பிள்ளைகள் துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்துவிட்டு, சிலை மாதிரி நின்றார்கள்.

அவர் ஷெரினின் பக்கவாட்டில் போய்த் துப்பாக்கியை வாங்கினார். சிக்கியிருந்ததை இழுத்தார். காலித் தோட்டா கீழே விழுந்தது. அதற்கு அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அது காலியில்லை. அதன் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டு, இதை யார் வாங்கியது என்று கேட்டார். ஷெரின் அப்போதுதான் அதைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பார்க்காமல் போட்டது தன் தப்பு என்றாள்.

6

காரில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வயல்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தன.

“சின்ன லோடு எதுக்கும்மா வாங்கின?”

“கம்மியா இருந்தா ஒனக்கு நல்லதுன்னு நெனச்சேன்டி.”

“கம்மியா இருந்தா இந்த கன்னுக்குப் பத்தாதும்மா. அதுவும் குளிர்ல இன்னும் மோசம். காத்து பத்தாம, ஷெல்லை உள்ள தள்ளுற போல்ட் பாதியில நின்னுடும். காலி ஷெல் வெளிய போவாது, அடுத்தது உள்ள ஏறக் காத்துக்கிட்டு இருக்கும். அந்தக் காலி ஷெல் மட்டும் நழுவி விழுந்திருந்தா, போல்ட் முன்னாடி போயி அடுத்தது ஏறியிருக்கும். என் வெரல் ட்ரிகர்லதான் இருந்துச்சு.”

நான் எங்கே இருந்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு நேர் பின்னால், நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடும் தூரத்தில், என் பின்னால் வரிசையாக அத்தனை அப்பா அம்மாக்களோடு. அவள் திரும்பியிருந்தால் துப்பாக்கியும் அவளோடு திரும்பியிருக்கும்.

காரை ஓரங்கட்டி நிறுத்தினேன். வாழ்நாள் முழுக்க எது எதற்கோ பயந்திருக்கிறேன். என்னைப் பார்த்து நானே பயந்தது அன்றைக்குத்தான். அம்மாவைச் சுட்ட பிள்ளையாக அவளை ஆக்கிவிட்டுப் போயிருப்பேன், அதுவும் ‘திரும்புடி’ என்று என் வாயாலேயே சொல்லி.

“நீ மொதல்ல கூப்பிட்டப்பவே என் காலு திரும்பிடுச்சும்மா” என்றாள் ஷெரின். குரல் உடைந்தது. “தானா திரும்புது. பல்லைக் கடிச்சிக்கிட்டு நின்னேன். ரெண்டாவது தடவ நீ திட்டினப்ப…”

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். என் தோளில் இருந்தபடியே கேட்டாள்.

“நான் திரும்பலன்னு கோவமாம்மா?”

இல்லை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அதைப் பார்த்திருக்க முடியாது, உணர்ந்திருப்பாள்.

இனி இந்த விளையாட்டே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அந்த வாரம் முழுக்க நாக்கு துடித்தது. அருளும் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முடிவை என்னிடமே விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை நானே கடைக்குப் போனேன். ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் பெட்டியை எடுத்தேன். பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே ஷெரினிடம் கொடுத்தேன். அவள் எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத் தானே பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கயிற்றுக்குப் பின்னால் நின்றேன், உட்கார முடியவில்லை. சத்தம் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு முறையும் காலித் தோட்டா எகிறி வந்து புல்லில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் அவள் பெயர் என் தொண்டைவரை வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணி எனக்குக் குமட்டுகிறது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

கடைசித் தட்டும் உடைந்தது. ஷெரின் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே காலி என்று டேலிடம் காட்டி, கொண்டுபோய்த் துப்பாக்கிகளை நிறுத்திவைக்கும் மரச் சட்டத்தில் சாத்தினாள். காதடைப்பைக் கழற்றினாள். பிறகு யாரும் கூப்பிடாமலே முழுசாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னம்மா?” என்றாள்.